பெடல் நிற்காத சைக்கிள்

அன்ரி,

இன்று காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என் விரல்களில் செயின் எண்ணெய் மணத்தது. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் நகத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. வெங்காயச் சாறும் அந்த எண்ணெயும் சேர்ந்தால் ஒரு மாதிரி மணம், நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "என்னகா, சோத்துப் பார்சல் கட்டுறியா, கராஜ் நடத்துறியா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு நீங்களே முதலில் சிரித்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் இப்போது தேற்றாத்தீவிலிருந்து வரும் ஒருத்தி இருக்கிறாள். நல்லவள். அவளுக்கும் மணம் போயிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

நான் சைக்கிள் வாங்கிவிட்டேன், அன்ரி. மூன்று மாதமாகிறது. குருக்கள்மடத்திலிருந்து களுதாவளைக்கு இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறேன். இதை உங்களிடம் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் பஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்களை முதன்முதலாகக் கண்டதே பஸ் தரிப்பில்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. களுதாவளையில் சோத்துப் பார்சல் கட்டி விற்கும் றோகிணி அக்காவின் சமையலறையில் ஆள் தேவை என்று அம்மாவுக்கு யாரோ சொல்லி, என்னை முதல் நாள் உங்களோடு சேர்த்துவிட்டார்கள். உங்களை அக்கா என்றேன்.

"அக்கா எண்டாத. அன்ரி எண்டு கூப்பிடு. எனக்கும் ஒரு மதிப்பு வேணாமா?" என்றீர்கள்.

"அப்ப உங்கட மனிசன அங்கிள் எண்டா?" என்று அம்மா கேட்டார்.

"அந்தாளுக்கு மாமா எண்டால் காணும். இறால் புடிக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு அங்கிள்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். அதை நீங்கள் கண்டுவிட்டீர்கள்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எல்லோரும் கேட்டார்கள். உங்களுக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது நான் சொல்லும் 'வந்தேன்' எனக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கே கேட்காது. கையை உயர்த்தினாலும் ரீச்சர் இடாப்பைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். இரண்டு முறை கூப்பிடுவார், பிறகு கோடு போட்டுவிடுவார். ஒரு தவணை முழுக்க நான் வகுப்பில் இருந்தும், பிள்ளை பள்ளிக்கூடம் வருவதில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அம்மா கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது நான் போகாமல் விட்டேன். நான் விட்டதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஏசினார்கள். காரணத்தைக் கேட்ட நீங்கள், "இருந்துகொண்டே இல்லாம இருந்திருக்காய். அதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும்" என்றீர்கள். பள்ளிக்கூட விஷயத்தில் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

பஸ்ஸில் நமக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நான் சின்ன உடம்பு. கூட்டத்துக்குள் நுழைந்து சீற் பிடிப்பது என் வேலை. என் பையை வைத்து உங்களுக்கு இடம் வைத்திருப்பேன். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இருப்பீர்கள். இறங்கும் இடத்தில் குரல் கொடுப்பது உங்கள் வேலை. கல்முனைக்கு ஓடும் அந்த பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறப்பவை. யாராவது 'இறக்கம்' என்று கத்தினால்தான் நிற்கும். முன்கூட்டியே எழுந்து வாசலுக்குப் போனாலும், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கொண்டக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குத் திரும்பும் இடம் வருவதற்கு முன்பே நீங்கள் அடித்தொண்டையிலிருந்து ஒன்று விடுவீர்கள், "இறக்கோம்!" என்று. பஸ் மட்டுமல்ல, பின்னால் வரும் ஓட்டோவும் நிற்கும். கொண்டக்டர் பெடியன், "மெல்லமா அன்ரி, பிறேக் அறுந்திடும்" என்பான். "அறுந்தா உன்ர வாயக் குடு, அது நல்லா இழுபடும்" என்பீர்கள்.

சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான நீங்கள் பிள்ளையார் கோயிலடியில் கத்தி பஸ்ஸை நிறுத்துவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமைகளில் பார்சல் எல்லாம் மரக்கறி. மீன் குழம்பு உங்கள் வேலை என்பதால், "எனக்கு இண்டைக்கு அரை லீவு, பிள்ளையார் தந்தது" என்று சொல்லிவிட்டு என் பங்கு வெங்காயத்தில் பாதியை உரித்துத் தருவீர்கள்.

இப்போது அந்த நாள்.

உங்களுக்கும் அது ஞாபகம் இருக்கும். போன வருடம், கச்சான் காற்று தொடங்கிய கிழமை. காலையிலேயே வாவிப் பக்கமிருந்து அனல் அடித்தது. நீங்கள் ஏறி இருந்ததும் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். செட்டிபாளையம் போனது. தேற்றாத்தீவு போனது. நீங்கள் எழும்பவில்லை. உங்களைத் தட்டி எழுப்பியிருக்கலாம். களைத்துப்போய் நித்திரை கொள்கிறவரை எப்படி எழுப்புவது என்று கையை நீட்டுவதும் மடியில் வைப்பதுமாக இருந்தேன். கோயில் திருப்பம் தெரிந்தது. இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தும் பார்த்தேன். திருப்பம் பின்னால் போய்விட்டது.

களுவாஞ்சிகுடியில் நாலைந்து பேர் இறங்கியபோது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். வெளியே பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் இறங்கினீர்கள். திரும்பப் போகும் பஸ்ஸைக் காணவில்லை. நடந்தோம். அந்த வெயிலில், அந்தக் காற்றில், நீங்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். இரண்டு இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. மூச்சு வாங்குகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு கோபம் என்றும் நினைத்தேன். கோபம் என்றால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு பறையாமல் இருக்கிறவர் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை உங்களுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் உங்கள் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

செத்த வீட்டுக்கு அம்மாவோடு வந்தேன். படலை வரைக்கும்தான் வந்தேன். உள்ளே வேதப் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு கதிரையில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திரும்பி நடந்துவிட்டேன். ஒரு சொல், ஐந்தே எழுத்து, அதை நான் சொல்லியிருந்தால் நீங்கள் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டீர்கள். நடந்திருக்காவிட்டால் இங்கே இருந்திருப்பீர்கள். இதை நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை. இரவில் படுக்கும்போது உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பேன். மனதுக்குள்தான். அதற்கும் சத்தம் வராது.

பிறகு தனியே பஸ்ஸில் போனேன். முன்பு எனக்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது கோயில் திருப்பம் கண்ணில் படும்போதே பயமும் வந்தது. வேறு யாராவது கோயிலடியில் இறங்கினால் நானும் இறங்குவேன். இல்லாவிட்டால் களுவாஞ்சிகுடி வரைக்கும் போய்த் திரும்பி நடப்பேன். நடக்கும்போதெல்லாம் உங்கள் முதுகு எனக்கு முன்னால் போகும். வேர்த்து விறுவிறுத்துச் சமையலறைக்குப் போனால் சோறு பாதி வெந்திருக்கும். தேங்காய் துருவ ஆள் இல்லாமல் றோகிணி அக்காவே இருந்து துருவிக்கொண்டிருப்பார்.

ஒன்பது மாதம் அவர் பொறுத்தார். ஒருநாள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"ஏன் புள்ள பிந்துறாய்? வீட்டில ஏதும் பிரச்சினையா?"

தலையை ஆட்டினேன்.

"பஸ் பிந்துதா?"

அதற்கும் இல்லை என்றே தலையை ஆட்டினேன்.

"வாயத் திறந்து சொன்னாத்தானே எனக்கு விளங்கும். பதினொண்டரைக்குப் பார்சல் எல்லாம் போகணும். ஒப்பீஸ்காரன் பசியோட பாத்துக்கொண்டிருப்பான், என்னத்தான் ஏசுவான். உன்ன நிப்பாட்ட எனக்கும் விருப்பமில்ல. வாற மாசமும் இப்பிடி எண்டால் வேற ஆள் பாக்கத்தான் வேணும்."

அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். என்னை எதற்கும் முன்னால் நிறுத்தாமல், பின்கட்டில் வெங்காயத்தோடும் சோறு சுற்றும் லஞ்ச் சீற்றோடும் விட்டுவைத்த ஒரே இடம் அது. அங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்வதில்லை, பெயர் கூப்பிடுவதில்லை. அதை விட்டால் எனக்குப் போக வேறு இடம் இல்லை. அன்றுதான் சைக்கிள் என்று யோசித்தேன். சைக்கிள் என்றால் நானே ஏறி நானே இறங்கலாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

களுவாஞ்சிகுடியில் பழைய யப்பான் சைக்கிள்களைக் கொண்டுவந்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து அங்கே போனேன். கடை வாசலில் வாங்கு போட்டு நாலு ஆம்பிளைகள் இருந்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். ஆனால் உள்ளே, சுவர் ஓரமாக, ஒரு நீலச் சைக்கிள் தனியாக நின்றது. மெல்லிய சில்லு, பின்னால் கரியர் இல்லை, முன்னுக்கு மட்டும் ஒரு பிறேக். மற்றவற்றின் விலையில் பாதிக்கும் குறைவு.

"அது ஏன் மலிவு எண்டு கேக்க மாட்டியளா தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

நான் கேட்கவில்லை.

"அதில ஒரு சின்னக் குணம் இருக்கு. ஓடிப் பாத்தால் தெரியும். ஒருக்கா ஓடிப் பாருங்க."

வாங்கில் இருந்த நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் காலை மடக்கி வழிகூட விட்டார். நான் எல்லாம் தெரிந்த மாதிரித் தலையாட்டி, வேண்டாம் என்று கையைக் காட்டி, காசைக் கொடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஓடிப் பார்க்காமல் சைக்கிள் வாங்கியவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனம் குறைந்ததும் ஏறுவோம் என்று உருட்டினேன். உருட்ட உருட்டப் பெடல்கள் தானாகச் சுற்றி என் கெண்டைக்காலில் அடித்தன. யப்பான் சைக்கிள் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்தேன். தேற்றாத்தீவு தாண்டி ஏறினேன். நாலு மிதி மிதித்துவிட்டு, எல்லோரும் செய்வதுபோலக் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. அது என் காலைத் தூக்கி என்னையும் தூக்கிப் போட்டது. எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, மிச்சத் தூரத்தையும் உருட்டியே வீட்டுக்கு வந்தேன். பொழுது பட்டுவிட்டது.

"என்ன புள்ள, உருட்டிக்கொண்டு வாறாய்? காத்துப் போயிட்டா?" என்றார் அம்மா.

எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர் அதைத் தலைகீழாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பழுது இல்ல. இதுட அமைப்பே இதுதான். மத்தச் சைக்கிள்ல நீ மிதிக்காட்டியும் சில்லு தன்பாட்டுக்கு ஓடும். இதில சில்லு சுத்துமட்டும் பெடலும் சுத்தும். நீ முன்னுக்கு மிதிச்சா முன்னுக்குப் போகும், பின்னுக்கு மிதிச்சாப் பின்னுக்குப் போகும். சும்மா மட்டும் இருக்க விடாது." மாற்றுவதென்றால் பின்சில்லையே மாற்ற வேண்டும் என்றார். "கொண்டுபோய்த் திருப்பிக் குடு" என்றார் அம்மா. அந்த நாலு பேருக்கு முன்னால் போய், எனக்கு ஓடத் தெரியவில்லை என்று சொல்வதா? அதைவிடப் பழகிவிடலாம்.

வாவிக்கரை ஒழுங்கையில், எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் பழகினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் விழுந்தேன். ஒருதரம் கண்டல் செடிகளுக்குள். கரையில் இறால் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி, "புள்ள, நீ சைக்கிள ஓட்டுறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?" என்று கேட்டார். இரண்டாம் கிழமை முடியும்போது எனக்கு அது பிடிபட்டுவிட்டது. அதை எதிர்த்தால்தான் தூக்கிப் போடும். காலை அதோடு விட்டுவிட்டால் போதும். நிற்க வேண்டுமென்றால் பிறேக்கைத் தேடத் தேவையில்லை. கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினால் அதுவும் மெதுவாகும். நான் நினைக்கிற இடத்தில், சத்தமில்லாமல், நிற்கும்.

முதல் நாள் விடியும்போதே வெளிக்கிட்டு, சமையலறை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். றோகிணி அக்கா திறப்போடு வந்தவர் என்னைக் கண்டு பின்வாங்கினார். "அம்மாடி, ஆர் இது? எங்கட மணிக்கூடு நிண்டுட்டா?" என்றார். சைக்கிளைப் பார்த்தார். அன்று எனக்குப் பிளேன் ரீயோடு ஒரு பணிஸ் தந்தார். வேறு ஆள் பார்க்கும் கதை அதோடு நின்றது.

இனி உங்களிடம் சொல்ல இருந்த மற்றது.

பெரிய றோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போவதால், கொஞ்சத் தூரம் வாவிக்கரை ஒழுங்கையால் போய்த்தான் றோட்டில் ஏறுவேன். அந்த ஒழுங்கையில்தான் உங்கள் வீடு. செத்த வீட்டுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. சைக்கிள் வந்த பிறகு போகத்தான் வேண்டியிருந்தது. உங்கள் படலை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு கெதியாக மிதிப்பேன். மாமா சில நாட்களில் வலையை வேலியில் போட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். நான் அவரைப் பார்ப்பதில்லை. அவர் என்னைப் பார்க்கிறார் என்று தெரியும்.

எட்டு நாளைக்கு முன், அப்படிக் கெதியாக மிதித்தபோது, வாவியிலிருந்து அடித்த காற்றில் என் பாவாடை பறந்து செயினுக்குள் போய்விட்டது. மற்றச் சைக்கிள் என்றால் காலை நிறுத்தி இழுத்தெடுக்கலாம். இதில் சில்லு சுற்றச் சுற்றச் செயின் பாவாடையைத் தின்றுகொண்டே போனது. நான் பிறேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். சரியாக உங்கள் படலைக்கு முன்னால். இறங்கவும் முடியாது, போகவும் முடியாது. பாவாடை முழங்கால் வரை உள்ளே இழுபட்டு, சைக்கிளோடு தைத்து வைத்த மாதிரி நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியும் இருக்கவில்லை. வலையைப் போட்டுவிட்டு மாமா வந்துவிட்டார்.

"ஆடாம நில்லு" என்றார். குந்தியிருந்து செயினைப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சமாப் பின்னுக்கு உருட்டு. துணி தன்பாட்டில வெளியில வரும்."

உருட்டினேன். விரல் நீளம் வந்தது.

"செத்த வீட்டுக்கு வந்து படலையோட கிறுகிப் போனீ," என்றார், செயினைப் பார்த்தபடியே. "மறுகா இந்தப் பக்கமே காணல்ல. இப்ப தினமும் பறந்து போறாய். எங்களோட கோபமா?"

எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓட முடியாது. பாவாடை உள்ளே. அவர் காத்திருந்தார், கையில் துணியைப் பிடித்தபடி.

"அண்டைக்கு நான் சொல்லல்ல மாமா" என்றேன்.

"என்னத்த?"

"பஸ்ஸில... இறக்கம் எண்டு. அன்ரி நித்திரை. நான் சொல்லியிருந்தா அவ நடந்திருக்க மாட்டா."

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் எதிர்பார்க்கவே இல்லாத ஒன்று நடந்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒழுங்கையில் அப்படியே இருந்துவிட்டார்.

"அவ எங்க நித்திரை கொண்டவ? முழிச்சுக்கொண்டுதான் இருந்தவ! அண்டைக்குப் பின்னேரம் வந்து சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது எண்டு படுத்தவ. 'இண்டைக்காவது இவள் வாயத் திறக்கட்டும் எண்டு கண்ண மூடிக் கிடந்தன். கோயிலடி போச்சு, இவள் கல்லு மாதிரி இருக்காள். கண்ணத் திறந்தா நான் தோத்துப்போவன் எண்டு நானும் திறக்கல்ல. கடைசியில எனக்குத்தான் வினையாப் போச்சு. றோட்டெல்லாம் சிரிப்ப அடக்கிக்கொண்டு நடந்தன்' எண்டவ."

"அந்த வெயிலுக்குள்ள நடந்ததாலதானே..." என்றேன்.

"என்ன நடந்ததால? அவட நெஞ்சு வருத்தம் அஞ்சு வருசமா. கிளினிக் காட் அலுமாரிக்குள்ள கிடக்கு, வந்து பார். குளிசையும் ஒழுங்காப் போட மாட்டா. போன போன நேரமெல்லாம் டொக்டர் நடங்க, நடங்க எண்டுதான் சொன்னவர். அஞ்சு வருசத்தில அண்டைக்கு ஒருநாள்தான் அவ டொக்டர்ர சொல்லக் கேட்டவ. அதுவும் உன்னாலதான்." சொல்லிவிட்டு, கண்ணைத் தோளில் துடைத்தார். "உருட்டு, உருட்டு. இன்னும் ஒரு சாண் இருக்கு."

உருட்டினேன். கறுப்பு எண்ணெயோடு, ஓட்டை ஓட்டையாக, பாவாடை முழுவதும் வெளியே வந்தது. இரண்டு சட்டை ஊசி கொண்டுவந்து தந்தார். "வேலைக்குப் பிந்தாத, போ" என்றார்.

அன்றும் நான் பிந்தவில்லை. தேங்காய் துருவும்போது அழுகை வந்தது. எல்லோரும் வெங்காயம் என்று நினைத்தார்கள். என் கையில் இருந்தது தேங்காய் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், அன்ரி. அது என் கல்லே இல்லை என்று மாமா ஒழுங்கையில் இருந்துகொண்டு சிரித்துச் சொல்லிவிட்டார். அன்றிரவு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. படுத்ததும் நித்திரையாகிவிட்டேன்.

நேற்றுப் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒரு பஸ் முன்னதாகப் பிடித்துப் போனேன். கோயில் திருப்பம் வந்தது. நான் எழுந்து நின்று, இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, சத்தம் வரவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. களுவாஞ்சிகுடியில் இறங்கித் திரும்பி நடந்தேன். அதே றோட், அதே கச்சான் காற்று. ஆனால் உங்கள் முதுகு எனக்கு முன்னால் போகவில்லை. பாதி வழியில், நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்ற இடம் ஒன்றில், எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. நீங்கள் அந்த இடத்தில் எப்படிச் சிரிப்பை அடக்கியிருப்பீர்கள் என்று யோசித்தேன். பிறகு கோபம் வந்தது. சரியான கோபம். ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்திருக்கலாம். அடுத்த நாளாவது, "விளையாட்டுக்குச் செய்தனான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே மூடாத நீங்கள் அந்த ஒன்றை மட்டும் ஏன் சொல்லாமல் போனீர்கள்?

கல்முனை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்தது. அந்த இரைச்சலுக்குள் உங்களை ஏசினேன். மனதுக்குள் இல்லை. வாயைத் திறந்து. "பொல்லாத மனுசி!" என்று. பஸ் போன பிறகும் ஒருக்கா ஏசினேன். எதிரே வெற்றிலைக் கட்டோடு வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போனார்.

நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் இதுவரை யாரோடும் கோபம் போட்டதில்லை. கோபம் போட வேண்டுமென்றால் முதலில் பறைய வேண்டும். முதன்முதலாக உங்களோடு போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் வெகு தூரத்தில், செத்துப்போன ஒருவராக இருந்தீர்கள். இப்போது அப்படி இல்லை. பக்கத்து சீற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறவரோடு இருக்கும் கோபம் இது. இதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஓடலாம், பாரமே தெரியாது. உடனே ராசியாக எனக்கு விருப்பமில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், அன்ரி.